கூப்பர் தீவு: ஒரே பறவையை அம்பது வருஷமா எண்ணின ஒருத்தரோட கேஸ்

ஆர்க்டிக் சூடாகுதுன்னு சொல்ல சாட்டிலைட் படம் காட்டுவாங்க, கிராஃப் காட்டுவாங்க. அதே விஷயத்தை ஒரு மணல் திட்டுல கூடாரம் போட்டு உக்காந்து, ஒரே ஒரு கடல் பறவையோட முட்டையையும் குஞ்சையும் வருஷா வருஷம் எண்ணி எண்ணியே கண்டுபிடிச்ச ஆளு ஒருத்தர் இருக்காரு, பேரு ஜார்ஜ் டிவோக்கி. 1975-ல ஆரம்பிச்ச வேலை. அவரைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் தனிமை, பனிக்கரடி, தைரியம்னு எழுதிட்டு முடிச்சுடுவாங்க, அதெல்லாம் உண்மைதான், அதுக்கும் கீழ வருவேன். ஆனா இந்த கேஸ்ல என்னை உலுக்கின விஷயம் வேற. அவர் 15 வருஷத்தோட நிறுத்தியிருந்தா அவரோட முடிவு இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச முடிவுக்கு நேர் எதிரா இருந்திருக்கும். பூமி சூடானது இந்தப் பறவைக்கு நல்லதுன்னு எழுதிட்டுப் போயிருப்பாரு, அப்ப கையில இருந்த டேட்டாவும் அதைத்தான் சொல்லிச்சு, அதுல பொய்யே கிடையாது. இது எப்படின்னு முதல்ல இருந்து பார்ப்போம்.

கூப்பர் தீவு அலாஸ்காவோட வட கோடியில, பியூஃபோர்ட் கடல்ல இருக்கு. பக்கத்துல இருக்கிற ஊர் உட்கியாக்விக், அலாஸ்காவோட பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்களோட ஊர், 2016 வரைக்கும் அரசாங்க பதிவுல பாரோன்னுதான் பேர். அங்கிருந்து கிழக்க சுமார் 40 கிலோமீட்டர். தீவுன்னு சொன்னதும் மரம் செடி கொடின்னு நினைச்சுக்காதீங்க, கரைக்கு வெளிய நீளமா கிடக்கிற ஒரு சரளைக்கல் திட்டு அது, ஒரு கோடியில இருந்து மறுகோடிக்கு அஞ்சு கிலோமீட்டர் போல இருக்கும், எங்க நின்னு பார்த்தாலும் மட்டமா தெரியும், மறைவுக்குன்னு ஒதுங்க ஒரு பாறை கூட கிடையாது. மே ரெண்டாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரைக்கும் சூரியன் அஸ்தமிக்காது. ஜூன் தொடக்கத்துல கடல் இன்னும் உறைஞ்சு கிடக்கும்போதே ஸ்நோமொபைல்ல சாமானை ஏத்திக்கிட்டு ஐஸ் மேலயே போயிடணும், கோடை முடிஞ்சு திரும்புறப்ப அதே இடத்துல படகு ஓடும். நடுவுல ஐஸ் உடையிற காலத்துல ஸ்நோமொபைலும் ஓடாது, படகும் போகாது, வானம் தெளிவா இருந்து ஹெலிகாப்டர் வந்தா உண்டு.

இவர் அங்க போனதுக்குக் காரணம் பருவநிலை இல்ல, எண்ணெய். 1968-ல அதே வடக்குக் கரையில ப்ரூடோ பே பக்கம் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிச்சாங்க, அடுத்து கடலுக்குள்ளயும் தோண்டுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், எண்ணெய் கொட்டினா என்ன பாதிக்கும்னு சொல்லணும்னா கொட்டுறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியணுமே. அதுக்காக கரையோரப் பறவைகளைக் கணக்கெடுக்கிற வேலையில இருந்தவர்தான் டிவோக்கி. 1972-ல கூப்பர் தீவுல இறங்கினப்ப அவர் எதிர்பார்க்காத ஒண்ணைப் பார்த்தாரு, பிளாக் கில்லமாட்ன்னு ஒரு பறவை, 10 ஜோடி, அங்க கூடு வச்சிருக்கு.

இதுல என்ன ஆச்சரியம்னா, இந்தப் பறவை திறந்த தரையில முட்டை இடாது. பாறை இடுக்கு, பொந்து மாதிரி மேல மூடின இடம் வேணும். சரளைத் திட்டுல பொந்துக்கு எங்க போறது? 1950-கள்ல அமெரிக்க கடற்படை அங்க போட்டுட்டுப் போன மரப்பெட்டி, பலகைன்னு குப்பை கிடந்துச்சு, அதுக்கு அடியில புகுந்து கூடு வச்சிருந்துச்சுங்க. டிவோக்கி பண்ணின வேலை ரொம்ப சிம்பிள். கிடந்த பெட்டிகளைக் கவுத்துப் போட்டு, வாசல் மாதிரி ஒரு திறப்பு விட்டு, இன்னும் நிறைய கூடு வைக்கிற இடமா மாத்தினாரு. 1975-ல திரும்ப வந்தாரு, அதுக்கப்புறம் ஒரு கோடையையும் விடல. 10 ஜோடி இருந்த இடத்துல 1980-கள் முடியிறப்ப 200 ஜோடிக்கு மேல ஆயிடுச்சு.

பறவையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா மீதிக்கதை புரியாது. பிளாக் கில்லமாட் புறாவை விட கொஞ்சம் பெருசு, கோடையில உடம்பு முழுக்க கன்னங்கரேல்னு இருக்கும், ரெக்கையில மட்டும் பளிச்சுன்னு ஒரு வெள்ளைத் திட்டு, கால் ரத்தச் சிவப்பு, வாயைத் திறந்தா உள்ளயும் அதே சிவப்பு. தண்ணிக்குள்ள ரெக்கையை அடிச்சு நீந்தி மீன் பிடிக்கும். வட அட்லாண்டிக்ல இருக்கிற அதோட சொந்தக்காரங்க கரையோரத்துல பிழைச்சுக்கும், ஆனா கூப்பர் தீவுல இருக்கிற வகை மேண்ட்ஸ்ன்னு சொல்ற துணை இனம், அதுக்கு ஐஸ்தான் வீடு. குளிர்காலத்துல கூட தெற்க ரொம்ப தூரம் ஓடாம ஐஸ் ஓரத்துலயே இருக்கும். பொதுவா ரெண்டு முட்டை. அடைகாக்க நாலு வாரம், குஞ்சு கூட்டுல அஞ்சு வாரம். இன்னொண்ணையும் மனசுல வச்சுக்குங்க, குஞ்சுக்கு மீன் கொண்டு வர்றப்ப ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீன்தான் கொண்டு வரும், அலகுல குறுக்கா கவ்விக்கிட்டு. பஃபின்ங்கிற இன்னொரு கடல் பறவை மாதிரி வரிசையா அடுக்கிக்கிட்டு வராது. அதனால என்ன மீன், எவ்வளவு சைஸ், எத்தனை தடவைன்னு தூரத்துல உக்காந்தே பார்த்து எழுதிடலாம். குஞ்சு என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சுக்க அதோட வயித்தைக் கிளற வேண்டிய அவசியமே இல்ல.

அவரோட அன்றாட வேலையைப் பார்த்தா பிரமிப்பா எதுவும் தெரியாது, அதுதான் அதுல எனக்குப் பிடிச்சது. முட்டை இடுற காலத்துல பெட்டி பெட்டியா போய்த் தூக்கிப் பார்க்கணும், எந்த நாள் முதல் முட்டை, எந்த நாள் ரெண்டாவது, யார் யாரோட ஜோடி. ஒவ்வொரு பறவை கால்லயும் கலர் வளையம் போட்டிருக்கறதால இது போன வருஷம் அடுத்த பெட்டியில இருந்த பொண்ணு, இது நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்கயே பொரிச்ச குஞ்சுன்னு ஆளாளா தெரியும். பொரிச்சப்புறம் தினமும் எடை. குஞ்சைப் பெட்டிக்குள்ள இருந்து கையில எடுத்து, தராசுல தொங்கவிட்டு, நம்பரை எழுதி, திரும்ப அதே மூலையில வச்சுட்டு அடுத்த பெட்டி. பொரிச்ச அன்னைக்கு உள்ளங்கையில கனமே தெரியாத கருப்புப் பஞ்சு, நல்ல வருஷமா இருந்தா கூட்டை விட்டுப் போறப்ப 300 கிராமைத் தாண்டிடும். ரெண்டு குஞ்சும் ஒரே நாள்ல பொரிக்காது, மூத்தது ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கும், சாப்பாடு குறைஞ்சா மூத்தது முட்டி மோதி வாங்கிக்கும், இளசு இளைக்கும். அதனால இளைய குஞ்சோட எடை நோட்டுல இறங்க ஆரம்பிச்சாலே கடல்ல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். தெர்மாமீட்டரை விட முன்னாடியே சொல்லிடும்.

ஆரம்ப வருஷங்கள்ல கூடாரம்தான். காத்தைத் தடுக்க எதுவும் இல்லாத இடம், ஜூலையிலயும் பனிமூட்டம், தண்ணி உறையிற குளிர், ராத்திரின்னு ஒண்ணு வராது, எப்ப தூங்கணும்னு நாமளே முடிவு பண்ணிக்கணும். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத நாட்கள்தான் ஜாஸ்தி, பின்னாடி வந்த வருஷங்கள்ல உதவியாளர்கள் வந்தாங்க. அரசாங்கப் பணம் 1980-கள் தொடக்கத்துல நின்னு போச்சு. எண்ணெய்க்கான அடிப்படைக் கணக்கு முடிஞ்சாச்சு, இனிமே அங்க என்ன வேலைன்னு கேட்டா அவர்கிட்ட பெரிய பதிலும் இருந்திருக்காது. வேற வேலை பார்த்து, சொந்தக் காசைப் போட்டு, கிடைச்ச உதவியை வச்சு போய்க்கிட்டே இருந்தாரு. இந்த இடத்துல நிறைய பேர் 'பைத்தியம்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அப்படித் தோணல. தனித்தனியா தெரிஞ்ச 200 ஜோடியோட வாழ்க்கைக் கதையும் கையில இருக்கு, அடுத்த வருஷம் யார் திரும்பி வந்தாங்கன்னு பார்க்காம இருக்க முடியுமா? ஒரு வருஷம் விட்டா அந்த ஓட்டையை எந்தக் காசாலயும் பின்னாடி அடைக்க முடியாது, செத்தது எந்த வருஷம் செத்துச்சு, ஜோடி எப்ப பிரிஞ்சுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. அவர் தனிமையைத் தேடிப் போனார்னு எழுதுறத விட, அந்த நோட்டுல ஓட்டை விழக்கூடாதுன்னு போனார்னு எழுதினா சரியா இருக்கும்.

பதில் வந்தது 1990-கள்ல. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டத்துக்காக இந்த காலனி ஏன் வளர்ந்துச்சுன்னு உக்காந்து கணக்குப் பார்த்தாரு, 1998-ல பட்டம். பறவைகள் முதல் முட்டை இடுற நாள் 1975-ல இருந்ததை விட 1990-கள் நடுவுல சுமார் 10 நாள் முன்னாடி வந்திருக்கு. ஏன்? பெட்டியோட வாசலைப் பனி அடைச்சிருக்கிற வரைக்கும் பறவை உள்ள போக முடியாது. பனி உருகினப்புறம் உள்ள போய், அதுக்கப்புறம் முட்டை உருவாக ரெண்டு வாரம், அடைகாக்க நாலு வாரம், குஞ்சு வளர அஞ்சு வாரம், கூட்டிப் பாருங்க, ஏறக்குறைய 80 நாள் வரும். அந்த 80 நாளும் வாசல்ல பனி இருக்கக்கூடாது, ஜூன்ல உருகறது லேட்டானாலோ செப்டம்பர்ல பனி சீக்கிரம் விழுந்தாலோ குஞ்சு உள்ளயே மாட்டிக்கும். பாரோ ஊர்ல வருஷ வருஷமா எழுதி வச்ச பனிக் கணக்கை எடுத்துப் பக்கத்துல வச்சா, 1960-கள் வரைக்கும் அப்படி 80 நாள் கிடைக்கிறதே அபூர்வம். அதுக்கப்புறம் கோடை நீண்டுச்சு, 80 நாள் சகஜமாச்சு. அதாவது கடற்படைப் பெட்டி 1950-கள்லயே வந்துடுச்சு, ஆனா அதுல குஞ்சு பொரிக்கிற அளவுக்கு கோடை அப்ப இல்ல. பெட்டியும் வேணும், நீண்ட கோடையும் வேணும், ரெண்டும் சேர்ந்தப்பதான் காலனி.

இங்கதான் நான் முதல்ல சொன்னது. 1989-ல அவர் மூட்டை கட்டியிருந்தா ரிப்போர்ட் என்ன சொல்லியிருக்கும்? வெப்பம் கூடிச்சு, கோடை நீண்டுச்சு, பறவை 20 மடங்கு பெருகிச்சு. ஒரு வார்த்தை பொய் இல்ல. படிச்சவங்க எல்லாரும் ஆர்க்டிக் பறவைக்கு வெப்பம் லாபம்னு நம்பியிருப்பாங்க.

ஆனா 1990-கள்ல எண்ணிக்கை இறங்க ஆரம்பிச்சுது. பனி நல்லாத்தான் உருகுது, பெட்டி காலியாத்தான் இருக்கு, முட்டையும் இடுது, ஆனா குஞ்சு இளைக்குது, பெரிய பறவைகள் அடுத்த வருஷம் திரும்பி வர்றது குறையுது. தரையில இருந்த பனி கதையோட முதல் பாதி மட்டும்தான், ரெண்டாவது பாதி கடல் மேல இருக்கிற ஐஸ்ல இருந்துச்சு.

ஆர்க்டிக் காட்ன்னு ஒரு சின்ன மீன். கடல் ஐஸோட அடிப்பக்கம் பாசி வளரும், பாசியைத் தின்ன பொடி இறால் மாதிரி உயிரிகள் வரும், அதைத் தின்ன இந்த மீன் வரும், ஐஸ் அடியில இருக்கிற இடுக்குல ஒளிஞ்சு வாழும். பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணிதான் அதுக்குப் பிடிக்கும். உடம்பு பூரா கொழுப்பு. ஒரு தடவைக்கு ஒரு மீன்னு பறந்து வர்ற பறவைக்கு இதை விட நல்ல மீன் வேற கிடையாது. 1970-கள்ல கோடை முழுக்க ஐஸ் தீவுக்குப் பக்கத்துலயே நிக்கும், கரையில இருந்தே பார்க்கலாம். பறவை கொஞ்ச தூரம் பறக்கும், மீனைப் பிடிக்கும், வந்துடும். அப்புறம் ஐஸ் விலக ஆரம்பிச்சுது. மொத்த ஆர்க்டிக்கிலயும் செப்டம்பர்ல கடல் ஐஸோட மிகக் குறைஞ்ச அளவு 1980-ல 75 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல இருந்துச்சு, 2012-ல 34 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. அந்த மொத்தக் கணக்கு கூப்பர் தீவுல ஒரு தாய்ப்பறவைக்கு என்ன அர்த்தம்னா, ஆகஸ்ட்ல, குஞ்சு அகோரப் பசியில இருக்கிற சமயத்துல, ஐஸ் ஓரம் அது பறந்து போய் வர முடியாத தூரத்துக்குப் போயிடுச்சு, நடுவுல இருக்கிற தண்ணியை வெயில் சூடாக்கிடுச்சு, காட் மீனும் கூடவே கிளம்பிடுச்சு.

பறவை சும்மா இருக்குமா, கிடைச்சதைக் கொண்டு வருது. கரையோர அடித்தரையில ஸ்கல்பின்னு ஒரு மீன் கிடைக்கும், தலை பெருசு, எலும்பு ஜாஸ்தி, தலையில முள்ளு, சதையில கொழுப்பு கம்மி. குஞ்சு அதை முழுங்கத் திணறும், முள்ளுத் தலை தொண்டையில இறங்காது, முழுங்க முடியாத மீன் கூட்டுலயே கிடந்து காயும், இறங்கினாலும் காட் மீன் குடுத்த சத்து அதுல இல்ல. 1975-ல இருந்து 1984 வரைக்கும் ஒரு பத்து வருஷம், 2003-ல இருந்து 2012 வரைக்கும் ஒரு பத்து வருஷம், ரெண்டையும் பக்கத்துல வச்சு டிவோக்கியும் கூட வேலை பார்த்தவங்களும் 2015-ல வெளியிட்ட கட்டுரையில இது தெளிவா வந்துச்சு. முதல் காலத்துல குஞ்சுக்கு வந்த மீன்ல 95 சதவீதத்துக்கு மேல ஆர்க்டிக் காட். ரெண்டாவது காலத்துல ஆகஸ்ட் முதல் பாதியிலயே ஸ்கல்பினுக்கு மாற வேண்டி வந்துச்சு, குஞ்சு பட்டினியில சாகறது அஞ்சு மடங்கு. அம்மா அப்பா ரெண்டும் சோம்பேறி ஆயிடல, அதே மாதிரி பறந்து பறந்துதான் கொண்டு வந்தாங்க. இதைப் பத்தி எழுதறப்ப எனக்கே கஷ்டமா இருக்கு. ஒரு கூட்டுல ரெண்டு குஞ்சு இருந்து, நாலு நாள் தொடர்ந்து எடை இறங்கி, அஞ்சாவது நாள் ஒண்ணு மட்டும் இருக்குன்னு தன் கையால எழுதினவருக்கு எப்படி இருந்திருக்கும். குஞ்சைத் தூக்கிட்டுப் போய் மீன் ஊட்டக் கூடாது, ஊட்டினா கணக்கு கெட்டுடும். அங்க இருந்த கஷ்டத்துலயே இதுதான் பெருசுன்னு நான் நினைக்கிறேன், குளிர் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

பனிக்கரடி வந்ததும் இதே காரணத்தாலதான். கரடி ஐஸ் மேல நின்னு சீல் வேட்டையாடுற மிருகம். முதல் இருபத்தஞ்சு வருஷத்துல தீவுல கரடி வர்றது அபூர்வம், ஐஸ் பக்கத்துல இருந்துச்சு, அதுங்க அங்கயே இருந்துச்சுங்க. 2002 கோடையில ஐஸ் தூரமா விலகினதும் கரடிங்க கரையேறி அவரோட கூடாரத்தையே கிழிச்சுப் போட்டுச்சுங்க, ஊர்ல இருந்து மீட்பு ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிட்டுப் போக வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் கூடாரம் போய் ஒரு சின்ன மரக் குடில் வந்துச்சு, எட்டடிக்குப் பன்னிரெண்டடி, துப்பாக்கி இல்லாம வெளிய போறதில்லை. மனுஷனுக்கு குடில் கிடைச்சுது, பறவைக்கு? மரப்பெட்டியை கரடி ஒரு தட்டுல கவுத்துடும், உள்ள கொழுத்த குஞ்சு. 2009 வாக்குல கரடிங்க ஒரு சீசனோட கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சையும் தின்னு தீர்த்த நிலைமை வந்துச்சு. இன்னொரு பக்கம் ஹார்ன்ட் பஃபின்னு தெற்க இருந்து வர்ற பறவை, தண்ணி சூடானதால வடக்க வந்து அதே பெட்டியைப் பிடிக்க, உள்ள இருக்கிற முட்டையையும் குஞ்சையும் துவம்சம் பண்ணிச்சு.

அப்ப அவர் கண்டுபிடிச்ச தீர்வு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கேமரா, கருவியெல்லாம் பத்திரமா எடுத்துட்டுப் போற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி இருக்கில்ல, நானுக்ங்கிற பேர்ல விக்கிறது, அதுல பறவை நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டு, 2011-ல மரப்பெட்டிக்குப் பதிலா அதை வச்சாரு. கரடிக்கு அதைப் பிரிக்க வரல. குஞ்சு கரடிகிட்ட இருந்து தப்பிச்சுது. ஆய்வுக்கும் இது பெரிய உதவி, ஏன்னா கரடி தின்னதையும் பட்டினியில செத்ததையும் குழப்பிக்க வேண்டியதில்லை, கரடியைக் கழிச்சுட்டா மிச்சம் இருக்கிற சாவு கடல் கணக்கு. கழிச்சும் எண்ணிக்கை ஏறல.

அதே காலத்துல பறவைகள் கால்ல ஜியோலொக்கேட்டர்னு ஒரு குட்டி கருவி கட்டி விட்டாங்க. வெளிச்சம் எப்ப வருது எப்ப போகுதுன்னு மட்டும் பதிவு பண்ணும், அதை வச்சே பறவை உலகத்துல எங்க இருந்துச்சுன்னு கணக்குப் போட்டுடலாம், அடுத்த வருஷம் பறவையைப் பிடிச்சு கழட்டினாதான் டேட்டா கிடைக்கும். வருஷம் தவறாம அதே பெட்டிக்குத் திரும்பி வர்ற பறவையா இருந்ததாலதான் இது சாத்தியமாச்சு. குளிர்காலத்துல அதுங்க பெரிங் கடல் வரைக்கும் ஐஸ் ஓரத்தோடயே இறங்கிப் போய், ஐஸோடயே திரும்பி வருதுன்னு அதுல தெரிஞ்சுது. அதனால பெரிங் கடல்ல குளிர்கால ஐஸ் ரொம்பக் குறைஞ்ச வருஷத்துக்கு அடுத்த கோடையில தீவுக்கு வர்ற ஜோடி குறையறது புரிஞ்சுது. 2017-18 குளிர்காலம் அப்படித்தான், பெரிங்ல ஐஸ் வரலாறு காணாத அளவுக்குக் கம்மி, 2018 கோடையில 100 ஜோடிக்கும் கீழ, வந்ததுலயும் நிறைய ஜோடி முட்டையே இடல. கோடையில தீவுல என்ன பண்ணினாலும் குளிர்காலத்துல 1000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நடக்கிறதை யாரு தடுக்க?

இந்த கேஸ் மேல ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடற்படைக் குப்பையில, ஒரு மனுஷன் கவுத்துப் போட்ட பெட்டியில உருவான காலனி இது, இயற்கையா உருவானது இல்ல, அப்ப அது அழியிறதை வச்சு ஆர்க்டிக்கைப் பத்திப் பேசலாமா? நான் இதை ரொம்ப யோசிச்சேன். பெட்டி வச்சு வளர்ந்த முதல் பதினஞ்சு வருஷ எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கிட்டு இனம் செழிக்குதுன்னு சொன்னா அது தப்புதான், பக்கத்து இடங்கள்ல இருந்து வந்த பறவைகளும் அதுல சேர்ந்திருக்கு. ஆனா அப்புறம் நடந்ததுக்கு அந்தப் பெட்டிங்கதான் பலம். கூடு வைக்க இடம் கிடைக்கலங்கிற காரணம் தீவுல கிடையவே கிடையாது, மரத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் வந்தாலும் பெட்டிக்குப் பஞ்சமில்ல, பாதிக்கு மேல காலி. இடம் மாறல, எண்ணுற முறை மாறல, எண்ணுற ஆள் கூட மாறல. மாறினது பனியும் ஐஸும் மீனும் மட்டும்தான். பாறை இடுக்குல கூடு வைக்கிற வேற எந்த காலனியிலயும், ஒவ்வொரு கூட்டையும் மூடியைத் திறந்து பார்க்கிற மாதிரி, இவ்வளவு சுத்தமா பிரிச்சுக் காட்ட முடியாது.

இன்னொரு ஆட்சேபணை, ஒரு தீவு ஒரு தீவுதானே. ஆமா. ரஷ்யப் பக்கத்துலயும் மத்த இடத்துலயும் இருக்கிற மேண்ட்ஸ் கில்லமாட் எல்லாத்துக்கும் இதே கதின்னு இதை வச்சு மட்டும் சொல்ல முடியாது. சொல்ல முடியிறது என்னன்னா, ஐஸ் விலகினா எந்த வழியா ஒரு பறவை சாகுதுங்கிற முழு வழித்தடம், பாசியில ஆரம்பிச்சு மீன் வழியா இளைய குஞ்சோட எடை வரைக்கும், இங்க ஒவ்வொரு படியும் எழுதியிருக்கு. வேற இடத்துல யாராவது ஆய்வு பண்ணப் போனா எதைப் பார்க்கணும்னு அவங்களுக்குத் தெரியும். மூணு வருஷ ப்ராஜெக்ட்டுக்குப் பணம் குடுக்கிற முறையில இது நடந்திருக்கவே நடந்திருக்காதுங்கிறதையும் கோவத்தோடயே சொல்றேன். 1975-ல அவர் விண்ணப்பத்துல என்ன எழுதியிருக்க முடியும், முப்பது வருஷம் கழிச்சு ஐஸ் போயிடும், அதைப் பதிவு பண்ண இப்பவே காசு குடுங்கன்னா?

இப்ப கூப்பர் தீவு நண்பர்கள்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு மூலமா வேலை நடக்குது. குடிலைச் சுத்தி கரடிக்கு மின்வேலி இருக்கு, தரவு எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிக்கிட்டு இருக்கு, டிவோக்கி எழுபது வயசைத் தாண்டியும் கோடைக்குப் போயிக்கிட்டு இருந்தாரு. 2020-கள்ல கூடு வைக்கிற ஜோடி சில டஜனுக்கு இறங்கியாச்சு. ஐஸ் ஓரம் கொஞ்சம் பக்கத்துல நிக்கிற கோடையில காட் மீன் இன்னும் வருது, அந்த வருஷம் வர்ற குஞ்சு ரெண்டும் பிழைச்சுப் பறக்குது. எந்த ஜோடி எந்தப் பெட்டி, எந்த நாள் முதல் முட்டைங்கிறது இப்பவும் அதே மாதிரி எழுதப்படுது.